கடை முகம்

காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோகிலவாணி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். டப்பாவின் முன்னால் போய் நிற்பதற்கு அது ஒரு மரியாதை என்று அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

டப்பா சுவரில் இருந்தது. கேஸ் அடுப்புக்கும் சாமி படத்துக்கும் நடுவில், நான்கு ஸ்க்ரூவில். டிபன் கேரியர் உயரம். உச்சியில் ஒரு காமிராக் கண். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத் திரை. அடியில் தீப்பெட்டியைப் போல ஒரு சின்ன இழுப்பறை. அந்தத் தீப்பெட்டிக்குள்தான் அவள் கணவனின் அன்றைய நாள் இருந்தது.

ஏழு.

"வணக்கம் கோகிலவாணி. உங்கள் கணவர் லோகநாதன் எப்படி இருக்கிறார்?"

செய்தி வாசிப்பவரின் குரல். புயல் வந்தாலும் பூச்செண்டு வந்தாலும் ஒரே குரல்.

இன்றாவது உண்மையை இன்னும் விளக்கமாகச் சொல்லிப் பார்ப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாலு நாளாத் தூக்கமே இல்லீங்க. காலெல்லாம் இழுக்குதுங்கறாரு. மூக்குல தண்ணியாக் கொட்டுது. மாத்திரை பத்தலீங்க. கொஞ்சம் கூட்டிக் குடுத்தீங்கன்னா..."

திரை பச்சையானது.

"மகிழ்ச்சி. உங்கள் வீட்டில் அமைதி தெரிகிறது. இன்று முதல் மாத்திரையின் அளவு நான்கு மில்லிகிராமிலிருந்து இரண்டாகக் குறைக்கப்படுகிறது. வாழ்த்துகள்."

இழுப்பறை 'க்ளிக்' என்று திறந்தது. உள்ளே அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைத் துண்டு.

பாயில் கிடந்த லோகநாதன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். தூக்கம் வராத கொட்டாவி. அரை மணி நேரத்தில் அது இருபதாவது.

"என்ன சொல்லுச்சு?"

"ரெண்டுங்க."

"அடுத்த வாரம் வெறும் டப்பாவ நக்கச் சொல்லும் பாரு."

அவன் எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான். அது கரையும்வரை பத்து நிமிடம் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. கைகளில் ரோமம் குத்திட்டு நின்றது. கோழித் தோல் மாதிரி. கோகிலா அதைப் பார்த்தாள். பிறகு டப்பாவின் திரையில் மங்கலாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள்.

அது சிரித்துக்கொண்டிருந்தது.

*

லோகு கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். தகரத்தைத் தட்டி வளைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நசுங்கின பம்பரைக் கொடுத்தால், கம்பெனியிலிருந்து வந்ததைவிட நேராகத் தட்டித் தருவான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ் கூரையிலிருந்து கால் வழுக்கி விழுந்தான். கீழே ஜாக்கி. முதுகெலும்பு.

ஆபரேஷன் நடந்தது. வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. டாக்டர் எழுதித் தருவதை நிறுத்தியதும், பழைய பைபாஸ் பாலத்துக்கு அடியில் எழுதித் தராமலேயே கிடைத்தது. கூடவே போய் வாங்கிக்கொண்டிருந்த பெயின்டர் சின்னராசு, வீட்டார் ஒரு மாதம் அடைத்து வைத்து வெளியே விட்ட அன்றே, பழைய அளவைப் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியிலேயே உட்கார்ந்தபடி செத்துப்போனான். விட்டுப் பழகின உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது லோகுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுவாழ்வு மையத்தில் படுக்கை காலியில்லை. நூற்றுப் பன்னிரண்டாவது இடத்தில் பெயரை எழுதிக்கொண்டார்கள். அப்போது வந்ததுதான் 'மீள்வழி'; மாற்று மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கத்தை விடவைக்கும் திட்டம். படுக்கை வேண்டாம், அலைச்சல் வேண்டாம். டாக்டர் போனில் வருவார், மருந்து சுவரில் வரும்.

டப்பாவை மாட்ட வந்தவன் வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே விளக்கினான்.

"யக்கா, இதுக்குப் பழகினவங்க பொய் சொல்லுவாங்க. அது அந்த வியாதியோட கொணம். அதனால அவங்களக் கேக்கவே மாட்டோம். கூட இருக்கறவங்க மொகத்தத்தான் மெஷின் பாக்கும். வீட்டுச் சாட்சின்னு பேரு. வாயி பொய் சொல்லும், மொகம் சொல்லாது."

"அப்ப என்ற வியாதி இவ மூஞ்சில தெரியும்ங்கறீங்க?" என்றான் லோகு.

"ஆமாங்கண்ணா."

"கல்யாணம் ஆனதுல இருந்து நானும் பாக்கறேன். எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சதில்லையே."

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று அது வெறும் நகைச்சுவையாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் அதிசயம். எட்டு மில்லிகிராம். லோகு சாப்பிட்டான், தூங்கினான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை வரைக்கும் நடந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தான். பிறகு எட்டு ஆறானது. ஆறு நான்கானது. ஒவ்வொரு முறையும் வாழ்த்துகள்.

*

ஐந்து மாடி ஜவுளிக்கடையில் கோகிலா இரண்டாவது மாடி. பட்டுப் பிரிவு. ஜாக்கெட்டின் தோளருகே குத்திய வட்ட பேட்ஜில் டோக்கன் எண் பதினேழு. பதினோரு வருடமாக அதே எண்.

"வாங்கக்கா. கல்யாணத்துக்குங்களா? உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்குமுங்க. மேல போட்டுக் காட்டறேன் பாருங்க."

எழுபது சேலையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, "நாளைக்கு வர்றோம்" என்று போகிறவர்களிடமும் சிரிக்க வேண்டும். கால் வீங்கினாலும் சிரிக்க வேண்டும். மூன்றரை வருடத்துக்கு முன்பு கடையில் சிரிப்புக் காமிரா வைத்தார்கள். யார் முகம் எவ்வளவு இனிமை என்று அது நாள் முழுக்க மார்க் போடும். சாயங்காலம் சூப்பர்வைசர் பழனிவேலு மைக்கில் படிப்பார். கோகிலாவுக்குத் தொண்ணூற்று ஐந்துக்குக் கீழே வந்ததே கிடையாது. அவளுக்கு ஒரு முறை தொண்ணூற்று ஒன்பது விழுந்தது. கடைச் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம்.

அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த ஒரே ஒரு பீஸ். அதைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது பழனிவேலு பக்கத்தில் வந்து, காதோரமாக, "உங்க ஊட்டுக்காரர் பட்டறைல விழுந்துட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். இந்தக் கஸ்டமர மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு கண்ணு" என்றார். கல்யாணப் பெண்ணின் அம்மா, "பார்டர இன்னும் கொஞ்சம் விரிச்சுக் காட்டு" என்றாள். கோகிலா விரித்துக் காட்டினாள். முகத்தையும் சேர்த்து.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

"வணக்கம்க்கா. திலீபன் பேசறேன்."

"நீங்க மெஷினுங்களா, மனுசருங்களா?"

"மனுசன்தேன்க்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், மெல்லுற சத்தம் கேக்கலையா?" மதுரைக்காரன். பாத்திரத்தை ஒதுக்கி வைக்கும் சத்தமும் கேட்டது. "உங்க ஃபைல்தேன் இப்பத் தொறந்தேன். ஏ அப்பா! நாப்பத்தோரு நாளா ஒரே பச்சை. இம்புட்டுப் பச்சைய நான் எங்கயும் பாத்ததில்லக்கா."

"அவரு துடிக்கறாருங்க தம்பி. நான் தெனமும் வாய் விட்டுச் சொல்றேனுங்களே."

"வாயால சொல்றது ஃபைல்ல ஏறும்க்கா, முடிவுல ஏறாது. சில வீடுகள்ல பொண்டாட்டிய அடிச்சு, கூட மாத்திரை கேளுடின்னு நிக்க வைக்கிறாய்ங்க. அதனால வார்த்தையை நம்பாதன்னு மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கு. மொகம் மட்டுந்தேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டுமுங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லிராதீக. சிரிக்காதீகக்கா. அம்புட்டுத்தேன்."

கோகிலா போனை வைத்தாள். அம்புட்டுத்தான். பதினோரு வருடமாகப் பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரைக்கும் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். எதிரில் ஒரு கண் தன்னைப் பார்த்தால் வாயின் ஓரங்கள் தாமாக மேலே போவதை அவள் தடுக்க வேண்டும். இருமலை அடக்குவது மாதிரியா அது?

"மொகத்த மறந்துட்டு அழுதுரு," என்றாள் டோக்கன் இருபத்திரண்டு சாந்தாமணி, டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே. "அழுகையவுமா மெஷினுக்குப் புரியாமப் போயிரும்?"

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோகிலா முகம் கழுவவில்லை. பொட்டும் வைக்கவில்லை. அழுவதற்கு அவள் எதையும் புதிதாக நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை; மூன்று வருடமாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டால் போதும்.

"வணக்கம் கோகிலவாணி. உங்கள் கணவர் லோகநாதன் எப்படி இருக்கிறார்?"

அவள் அழுதாள். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள். "செத்துருவாருங்க. பாருங்க அவர. தயவு பண்ணிப் பாருங்க."

திரை பச்சையாகவில்லை. மஞ்சளானது. பிறகு சிவப்பு.

"உங்கள் முகம் உங்கள் வழக்கமான முகத்திலிருந்து மிகவும் மாறுபடுகிறது. கூடுதல் மருந்து கேட்கும்படி நீங்கள் வற்புறுத்தப்பட்டிருக்கலாம். உங்கள் பாதுகாப்புக்காக இழுப்பறை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பூட்டப்படுகிறது. பயப்படாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்."

"யாருங்க வற்புறுத்தறது? இவரா? இவரால எந்திரிச்சு நிக்க முடியலீங்க!"

டப்பா பேசவில்லை. அது பேச வேண்டியதைப் பேசிவிட்டது. கோகிலா இழுப்பறையை நகத்தால் நெம்பினாள். கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள்.

"விடு புள்ள," என்றான் லோகு. பாயில் சுருண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். "ஒடச்சாப் பேரையே அடிச்சிருவாங்கன்னு எழுதியிருக்கு." பல் தந்தியடித்தது. "சிரிச்சாக் கொணமாயிட்டேங்குது. அழுதா அடிச்சுட்டேங்குது. நல்ல டாக்டரு."

கோகிலா பீரோவைத் திறந்து, டப்பா மாட்டியபோது கொடுத்த காகிதத்தை எடுத்தாள். அடியில் பொடி எழுத்தில் கோயமுத்தூர் விலாசம் ஒன்று இருந்தது.

"நான் நேராப் போயி டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துடறேனுங்க."

அவன் எழுந்து, தவழாத குறையாகக் கதவுவரைக்கும் போய், ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெளிய பூட்டிட்டுப் போ."

"என்னங்க இது..."

"பத்து மணிக்கு மேல என்ற காலு என்ற பேச்சக் கேக்காது. பாலத்துக்குப் போயிரும். போனா நான் ரெண்டு மில்லி, நாலு மில்லின்னு அளந்து பாக்க மாட்டேன். சின்னராசு கணக்குத்தான்." கண்ணில் தண்ணீர் வழிந்தது; அது அழுகையா, வியாதியா என்று அவனுக்கே தெரியாது. "கக்கூசு உள்ளதான இருக்குது. தண்ணி இருக்குது. பூட்டு."

அவள் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் காங்கேயம் தாண்டும்வரைக்கும் அவள் விரல் அந்த முடிச்சை விடவில்லை.

*

கண்ணாடிக் கட்டடம். ஏழாவது மாடி. வரவேற்பில் இருந்த பெண் திகைத்துப் போனாள். "நேர்ல யாரும் வர மாட்டாங்களே?" என்றாள், கோகிலா ஏதோ டி.வி.யிலிருந்து இறங்கி வந்துவிட்டது போல.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் மெர்லின் வெளியே வந்தாள். ஆரம்பத்தில் ஒரு முறை, பதினோரு நிமிடம், போனில் பார்த்த முகம். நேரில் இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள். கொண்டை கலைந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு.

"உக்காருங்க கோகிலாம்மா. தண்ணி குடிங்க."

கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள். அவனை உள்ளே வைத்துப் பூட்டியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

"ஆறாயிரத்து இருநூறு பேருக்கு நான் டாக்டர்," என்றாள் மெர்லின், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "காலைல லிஸ்ட் வரும். மெஷின் முடிவு பண்ணியிருக்கும். நான் கையெழுத்துப் போடணும். மாத்தலாம். ஆனா ஒரு நாளைக்கு இருபது பேருக்குத்தான் மாத்த விடும்."

"எங்களுது அந்த இருபதுல வரலீங்களா?"

"பச்சையா இருக்கற ஃபைலை நான் திறக்கறதே இல்லைம்மா. சிவப்பே முந்நூறு இருக்கும்."

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். இடது பக்கம் கோகிலாவின் முகங்கள், நாற்பத்தொரு பச்சைக் கட்டங்களில். கடைசியில் இன்று காலையின் சிவப்பு. வலது பக்கம் பெரிதாக வேறொரு படம். முகத்தின் மேல் வலை மாதிரிக் கோடுகள் ஓடின. கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. வாய் வளைந்த விதம் மட்டும் தெரிந்தது.

"இது யாருங்க?"

"யாருமில்லை. மாதிரி முகம். நிம்மதியா இருக்கற பொம்பளையோட முகம் எப்படி இருக்கும்னு மெஷினுக்குக் கத்துக்கொடுக்கணுமில்ல? கடை, ஆபீஸ்னு எங்கெங்கேயோ இருந்து லட்சக்கணக்குல படம் வாங்கினாங்க. அதுல இருக்கறதுலேயே உச்சமா மார்க் வாங்கின முகம் இதுதான். எல்லார் முகத்தையும் இதோட வெச்சுத்தான் ஒப்பிடும். இதுக்குக் கிட்ட வந்தா வீடு நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். உங்க முகம் எப்பவுமே இதை ஒட்டியே வந்திருக்கு. அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

கோகிலா குனிந்து பார்த்தாள். முகத்தைத்தான் மறைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே யாரும் கவலைப்படவில்லை. தோளில் மாம்பழ மஞ்சள் பட்டு. அரக்கு பார்டர், கொஞ்சம் விரித்து. பக்கத்தில் வட்டமாக ஒரு பேட்ஜ்.

பதினேழு.

கடையில் தீபாவளிக்கு முன்னால் ஒரு காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"அது நானுங்க," என்றாள்.

மெர்லின் படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அதனாலதான் இவ்வளவு ஒட்டியிருக்கு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஆறுதலாக, "அன்னைக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்திருக்கீங்க போல" என்றாள்.

"அன்னைக்குத்தானுங்க அவரு பஸ்ஸு மேல இருந்து விழுந்தாரு. சேதி வந்து ரெண்டு நிமிசம் இருக்குமுங்க அப்ப."

டாக்டர் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முகத்த எடுத்துப்போடச் சொல்லுங்க டாக்டர்."

"எழுதறேன். இன்னைக்கே எழுதறேன். பெங்களூர்ல பாக்கணும், கமிட்டி கூடணும். மூணு மாசம், நாலு மாசம்..." தலையை உலுக்கிக்கொண்டு, பட்டென்று நிமிர்ந்தாள். "அதை விடுங்க. இப்ப என்னால ஆகறதைச் சொல்றேன். இன்னைக்கு இருபதுல ஒண்ணு பாக்கி இருக்கு. உங்களுக்குப் போடறேன். பூட்டை எடுத்துடறேன். நாளைக்குக் காலைல அவருக்கு எட்டு வரும். ஒரு வாரத்துக்கு மெஷின் அதைக் குறைக்க முடியாது. அதுக்குள்ள நான் வேற ஏதாவது பாக்கறேன்."

கோகிலா கை கூப்பினாள்.

"ஆனா ஒண்ணு. சாட்சி முகத்தை மட்டும் என்னால தாண்ட முடியாது. முகம் பொருந்தினாத்தான் இழுப்பறை திறக்கும். அதனால நாளைக்கு அழாதீங்க. இந்தச் சிரிப்பு," படத்தைத் தொட்டுக் காட்டினாள், "உங்களுக்குத் தெரிஞ்ச இந்தக் கடைச் சிரிப்பு. அதை மட்டும் சிரிச்சிருங்க. வேற எதுவும் வேண்டாம்."

"அது எனக்குக் கஷ்டமில்லீங்க," என்றாள் கோகிலா.

*

லைன் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. டங். டங். டங்.

அவள் ஓடினாள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

லோகு தரையில் உட்கார்ந்திருந்தான். வேர்வையில் பனியன் ஒட்டியிருந்தது. கையில் பழைய சின்னச் சுத்தியல். முன்னால் அம்மிக்கல். மடியில் இட்லிக் குண்டா. சுவரோரமாக, பெரிதிலிருந்து சிறிதாக, வீட்டிலிருந்த அத்தனை பாத்திரமும் வரிசையாக நின்றன. அவள் கல்யாணத்துக்கு வந்த தூக்குப்போசி, குழாயடியில் விழுந்து வாய் கோணின குடம், மாடு மிதித்த சருவச்சட்டி. ஒன்றில்கூட ஒடுக்கு இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் பளபளத்தன.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சேன்," என்றான். பல் இன்னும் தந்தியடித்தது. "கைய சும்மா வெச்சாத்தான ஜன்னல ஒடைக்கும். பக்கத்தூட்டு அக்கா நாலு தடவ வந்து திட்டிட்டுப் போயிருச்சு. கடைசித் தடவ அதும் ஊட்டு அண்டாவையும் ஜன்னல்ல நீட்டுச்சு. கம்பிக்குள்ள அண்டா நொழைய மாட்டேன்னுருச்சு."

பாலத்துக்குப் போகவில்லை. ஒரு முழு நாள். மருந்தில்லாமல், டப்பா இல்லாமல், ஒரு சுத்தியலை மட்டும் வைத்துக்கொண்டு.

கோகிலா அவனெதிரில் உட்கார்ந்தாள். நாளைக்கு எட்டு வரும் என்று சொன்னாள். அவன் அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

*

புதன்கிழமை. ஏழுக்கு ஐந்து நிமிடம். அவள் முகம் கழுவினாள். பொட்டு வைத்தாள். ஜாக்கெட்டில் பதினேழாம் டோக்கனையும் குத்திக்கொண்டாள். அது இருந்தால் முகம் தானாக வரும். முகவாயை அரை விரற்கடை உயர்த்த வேண்டும். பல் தெரியும், ஈறு தெரியாது. கண்ணைப் பார்க்காமல் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். கடைக்கு வரும் புதுப் பெண்களுக்கு அவளே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த பாடம்.

வந்துவிட்டது. திரையில் மங்கலாக அந்த வாய் வளைந்து நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு.

"வணக்கம் கோகிலவாணி. உங்கள் கணவர் லோகநாதன் எப்படி இருக்கிறார்?"

லோகு அவளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவள் முகத்தை எட்டிப் பார்த்தான். அந்த டோக்கனையும் பார்த்தான்.

"ஏனுங்கக்கா," என்றான், கடைக்கு வந்த வாடிக்கையாளர் குரலில், "இந்த டப்பாவுல வேற கலர் இருக்குங்களா?"

எத்தனை வருடம் ஆயிற்று அவன் இப்படிப் பேசி! விழுந்ததற்கு முன்னால், பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இப்படித்தான் அவளைச் சீண்டுவான். கோகிலாவின் பார்வை சுவரோரப் பாத்திரங்களின் மேல் போனது. வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பியது. அவள் அதை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஈறு தெரிய, கண் சுருங்கி மறைய, கன்னம் ஒரு பக்கம் கோண, பல்லுக்கு நடுவில் காற்று தெறிக்கச் சிரித்தாள். அவள் முகம் அப்படிப் போகும் என்பதை அவளே மறந்திருந்தாள்.

ஒரு விநாடி. ஒன்றரை விநாடி இருக்கலாம். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, கடை முகத்தைத் தேடி எடுத்து மாட்டினாள்.

திரை மஞ்சளானது. சிவப்பானது.

"உங்கள் முகம் உங்கள் வழக்கமான முகத்திலிருந்து மிகவும் மாறுபடுகிறது. நீங்கள் வற்புறுத்தப்பட்டிருக்கலாம். உங்கள் பாதுகாப்புக்காக இழுப்பறை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பூட்டப்படுகிறது. பயப்படாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்."

"இல்லீங்க! இல்லீங்க, இன்னொரு தடவ பாருங்க. இதா, சிரிக்கறேன் பாருங்க. இதா!"

தொண்ணூற்று ஒன்பது மார்க் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றது. சிவப்பு அணைந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டர் மெர்லினின் எண்ணை அழைத்தாள். ஒரு நாளைக்கு இருபது மாற்றங்கள்தான், வரிசையில் உங்கள் இடம் முந்நூற்று நான்கு என்றது ஒரு குரல். அதே குரல்.

தான் செய்தது என்னவென்று லோகுவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கொட்டாவி வந்தது. அதை விட்டு முடித்தான். மெல்ல நடந்து போய் ஆணியிலிருந்து பூட்டை எடுத்தான். அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். நேற்றே சொல்லாமல் லீவு. வாசல்வரைக்கும் போனாள்.

"கோகிலா."

திரும்பினாள். அவன் அம்மிக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சுத்தியல் கையில் இருந்தது. சுவரோரம் பாத்திரங்கள் ஒரு ஒடுக்கு, ஒரு கோணல் இல்லாமல் வரிசையாக நின்றன.

"தட்டறதுக்கு இனிப் பாத்திரம் இல்லையே, புள்ள."

கோகிலா வரிசையைப் பார்த்தாள். பூட்டைக் கீழே வைத்தாள். இட்லிக் குண்டாவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, தரையில் ஓங்கி அடித்தாள்.

"காலங்காத்தாலயேவா!" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

அவள் தூக்குப்போசியை எடுத்தாள். பிறகு குடத்தை. பிறகு சருவச்சட்டியை. மூன்று நாளைக்குப் போதுமா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாக.